ஆள் இல்லாத வண்டிக்கு நூற்றறுபது வாட்

வண்டியை விற்ற சுந்தரராஜ் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. இதை நேசக்குமார் பின்னால் ஒப்புக்கொள்ள வேண்டிவந்தது.

ஏரலில் ஆற்றுப்பாலத்துக்கு இந்தப் பக்கம், தகரக் கொட்டகைக்குள் அந்த வெள்ளை வேன் நின்றது. சுந்தரராஜ் பழைய வண்டி வாங்கி விற்கிறவர். வேனின் நெற்றியில் உள்ளங்கையை வைத்து, ஜுரம் பார்க்கிறவர் மாதிரி நின்றுகொண்டு பேசினார்.

"கிலோமீட்டரப் பாருங்க அண்ணாச்சி. பத்து வருச வண்டி, வெறும் முப்பதாயிரம். எல்லாம் பக்கத்துல பக்கத்துல ஓட்டம். வேகமாவே போவாது. முன்னால ஆளுக நடந்து போவாவ, பின்னால இது போவும். இதுல ஏறுனவுக ஒருத்தர்கூட இன்னைக்கு வரைக்கும் ஒரு குறை சொன்னதில்ல."

"ஊர்வல வண்டியா?"

"ஊர்வலம்னே வச்சுக்கிடுங்களேன்."

நேசக்குமார் இருபத்திரண்டு வருஷம் சவுதியில், ஜுபைலில் ஒரு பெரிய ஆலையில், மீட்டர்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர். மனிதர் சொல்வதை மரியாதைக்குக் கேட்பார். மீட்டர் சொல்வதை நம்புவார். கிலோமீட்டர் கணக்கு அவருக்குப் பிடித்திருந்தது. உள்ளே ஏறிப் பார்த்தார். சுவர் முழுக்க அலுமினியத் தகடு. தரை பின்பக்கமாக லேசாகச் சரிந்து, மூலையில் தண்ணீர் வடிய ஒரு துளை. பின்கதவு இரண்டாகப் பிரிந்து அகலமாகத் திறந்தது. படி தாழ்வாக இருந்தது.

"கழுவிவிட எவ்வளவு வசதியா பண்ணியிருக்கான்" என்று அசந்துபோனார். "யாரு கட்டுனது?"

"ஒரு சங்கத்துக்காரங்க. நல்ல மனுசங்க. எல்லாரு கஷ்டத்துலயும் வந்து நிப்பாங்க."

இப்படியாக வண்டி நாசரேத்துக்கு வந்து, வீட்டு முற்றத்தில் நின்றது. உள்ளே கட்டில், அடுப்பு, சின்னக் குளிர்சாதனப் பெட்டி எல்லாம் வைத்து ஓடும் வீடாக மாற்றுவது, மே மாதப் பள்ளி விடுமுறையில் மனைவியோடு கடற்கரை ஓரமாகவே கிளம்பிக் கன்னியாகுமரி, அப்படியே கேரளம் என்று போவது. இதுதான் திட்டம். திட்டத்துக்கு ஒரு கணக்கும் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை இரண்டு மாத லீவு. இருபத்திரண்டு வருஷத்தில் கணவனும் மனைவியும் சேர்ந்து இருந்தது மொத்தம் இருபத்திரண்டு மாதம். ஒரு யானைக் கர்ப்பம்.

மனைவி ஜெப்ஸி டீச்சர் வாசலுக்கு வந்து வண்டியைப் பார்த்தார். பின்கதவின் இடது கைப்பிடியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நேசக்குமார் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார்.

'சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை' என்று நேசக்குமார் கணித்தார். பின்னாலேயே போய், "பின்கதவு எவ்வளவு அகலம் பாத்தியா" என்றார்.

அரைமணி நேரம் கழித்து, கண் கொஞ்சம் சிவந்து வெளியே வந்த டீச்சர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்.

"ராத்திரி எட்டு மணி நேரம் என் மிஷின் நிக்காம ஓடணும். ஒரு ராத்திரி ஒரு நிமிஷம் நின்னாலும் நான் இறங்கி அடுத்த பஸ் ஏறி வீட்டுக்கு வந்துருவேன். அப்புறம் கூப்பிடப்பிடாது."

டீச்சருக்குத் தூக்கத்தில் மூச்சு நின்றுபோகும் கோளாறு. முகமூடி மாட்டி, காற்றைத் தள்ளிக்கொண்டே இருக்கும் மிஷின் இல்லாமல் தூங்க முடியாது. ஆக, நேசக்குமாரின் மீதி வாழ்க்கை ஒரு இன்வெர்ட்டரைப் பொறுத்ததாக ஆனது.

அந்த வீட்டில் இன்னொரு விஷயமும் இருந்தது. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நேசக்குமாரின் அம்மா கிருபை, விமானங்கள் எல்லாம் நின்றுபோன அந்தக் கொரோனா வருஷத்தில், கொரோனா இல்லாமல் சாதாரணமாக இறந்துபோனார். மூன்று நாள் காத்திருந்தும் நேசக்குமாரால் வர முடியவில்லை. அக்கா மகன் டேவிட்சன் பிடித்திருந்த கைபேசியில், கண்ணாடிக்குள் அம்மா முகத்தை மட்டும் பார்த்தார். வாசலைத் தாண்டும்போது படம் உறைந்து நின்றது, பிறகு வரவேயில்லை. ஊருக்கே திரும்பி வந்து ஒரு வருஷமாகிறது. கல்லறைத் தோட்டம் பத்து நிமிஷ நடை. இன்னும் போகவில்லை. கேட்டால் வெயிலாக இருக்கிறது என்பார்.

தூத்துக்குடியில் துறைமுகத்துக்குப் போகிற ரோட்டில், ஒரு பக்கம் உப்பளம், மறுபக்கம் வரிசையாக லாரி, நடுவே ஷாமின் கடை. பேட்டரி, இன்வெர்ட்டர் மாட்டுவதும் குளிர்சாதனப் பெட்டி பழுது பார்ப்பதும் தொழில். டிப்ளமோ படித்தவன், வயது இருபத்தெட்டு, சிரிக்காமல் பேசுவான்.

"மொதல்ல என்னென்ன ஓடணும்னு சொல்லுங்க அண்ணாச்சி."

நேசக்குமார் தட்டச்சு செய்த தாளை நீட்டினார். மூச்சு மிஷின் நாற்பது வாட், எட்டு மணி நேரம். குளிர்சாதனப் பெட்டி அறுபது. விசிறி முப்பது. விளக்கு இருபது. மிக்ஸி எழுநூற்றைம்பது, ஐந்து நிமிஷம்.

"மிக்ஸிதான் வில்லன்" என்றான் ஷாம். "சுத்த ஆரம்பிக்கும்போது ரெண்டு மடங்கு கேக்கும். ஆயிரத்தைநூறு வாட் இன்வெர்ட்டர் போட்டுருவோம், அது ஒரு நிமிஷத்துக்கு மூவாயிரம் தாங்கும். ஆனா வீட்டுக்கு மாட்டுற ஜாதி வேண்டாம். ரோட்டுல குலுங்கிக் குலுங்கி உள்ள ஸ்க்ரூ எல்லாம் பாட்டுப் பாடும். அப்புறம், சைன் வேவ். விலை கம்மின்னு ஸ்கொயர் வேவ் வாங்குனீயன்னா டீச்சர் மிஷின் ராத்திரி பூரா முனகும்."

"அத எனக்குச் சொல்லித்தாரியாலே? நான் ஜுபைல்ல..."

"ஜுபைல்ல நீங்க பாத்தது கச்சா எண்ணெ அண்ணாச்சி. இது மிக்ஸிக்கும் மூச்சுக்கும் உள்ள தகராறு."

இரண்டு நாள் வேலை. கட்டிலுக்கு அடியில் இருநூறு ஆம்பியர் லித்தியம் பேட்டரி. அதற்கு மேலே இல்லாமல், பக்கத்தில், காற்று போக இடம் விட்டு இன்வெர்ட்டர். இரண்டுக்கும் நடுவே கட்டைவிரல் தடிமனில் செப்புக் கேபிள், நான்கு அடிக்கு மேல் போகாமல். பேட்டரி வாயிலேயே பெரிய ஃப்யூஸ். வண்டியின் உடம்போடு எர்த். நேசக்குமார் ஒவ்வொரு நட்டையும் தானே ஒரு முறை முறுக்கிப் பார்த்தார். கடைசியாக, தன் ஆசைக்கு ஒரு பொருள் கேட்டார்: வண்டி எங்கே நின்றாலும், இன்வெர்ட்டர் எத்தனை வாட் கொடுக்கிறது, பேட்டரி எத்தனை சதவீதம் என்று கைபேசியில் காட்ட, சிம் போட்ட ஒரு சின்ன ரவுட்டர்.

"இங்கன இருந்துட்டு அங்கன நடக்கதப் பாக்கணுமாக்கும்" என்றான் ஷாம்.

"பழகிப்போச்சுலே."

சாயங்காலம் ஐந்து மணிக்கு நூறு சதவீதத்தோடு வண்டியை முற்றத்தில் நிறுத்தி, எல்லாவற்றையும் அணைத்து, பூட்டிவிட்டு வந்தார். காலை ஒன்பது மணிக்கு முற்றத்திலிருந்து விட்டு விட்டு ஒரு கீச்சுச் சத்தம். கோழிக்குஞ்சு மிதிபட்டது மாதிரி. பேட்டரி தீர்ந்தால் இன்வெர்ட்டர் போடும் சத்தம் அது. கைபேசியைப் பார்த்தார். பேட்டரி: இரண்டு சதவீதம். வெளியே போகும் மின்சாரம்: நூற்றறுபது வாட்.

வண்டிக்குள் ஏறினார். எந்தப் பொருளும் ஓடவில்லை. கைபேசியை மறுபடி பார்த்தார். பூஜ்யம்.

அதுவரை அவர் பயப்படவில்லை. ஜுபைலில் இதைவிடப் பெரிய மீட்டர்கள் பொய் சொல்லிப் பார்த்திருக்கிறார்.

மறுநாள் ஷாமின் கடை வாசலில், உச்சி வெயிலில், சோதனை ஆரம்பமானது. நேசக்குமார் உள்ளே உட்கார்ந்து வயர் வயராக அளந்தார். பூஜ்யம். தாகம் என்று இறங்கினார். வெளியே கைபேசியோடு நின்ற ஷாம், "அண்ணாச்சி, நூத்தறுபது" என்றான். ஏறினார். "பூஜ்யம்." இறங்கினார். "நூத்தறுபது." இப்படி ஏழு முறை. ரோட்டில் போன லாரிக்காரர்கள் வேகத்தைக் குறைத்துப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

"லூஸ் கான்டாக்ட்னு சொல்லுவேன்" என்றான் ஷாம். "ஆனா அது வயருக்கும் வயருக்கும் வரும். வயருக்கும் உங்களுக்கும் எப்படி வரும்?"

"நீ ஏறிப் பாரு."

ஷாம் ஏறினான். நூற்றறுபது. இன்வெர்ட்டரிலிருந்து வெளியே போகும் வயர்கள் எல்லாவற்றையும் கழற்றிக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டான். நூற்றறுபது. இன்வெர்ட்டரையே அணைத்தான். வெளியே நின்ற நேசக்குமாரின் கையிலிருந்த கைபேசியில், அணைந்துபோன இன்வெர்ட்டர் நூற்றறுபது வாட் கொடுத்துக்கொண்டிருந்தது.

பிறகு ஷாம் இறங்கி வந்து வெயிலில் நின்றான். கை ரோமம் குத்திட்டு நின்றது.

"உள்ள ஏசி வச்சிருக்கீயளா அண்ணாச்சி?"

"இல்லியே."

"கண்ணாடியில உள்பக்கம் வேர்த்திருக்கு. தரை சில்லுனு இருக்கு. ஓடிகோலன் சென்ட் வாசம் வேற." கொஞ்சம் தயங்கினான். "நூத்தறுபது எடுக்குற சாமான் ஒண்ணு எனக்குத் தெரியும். நான் ரிப்பேர் பாக்குறதுதான். கம்ப்ரசர் ஓடும்போது கரெக்டா நூத்தறுபது."

"என்னது?"

"ஃப்ரீசர் பெட்டி. கேதத்துக்கு, பொணம் வைக்க, வாடகைக்கு எடுப்பாங்கள்லா, கண்ணாடிப் பெட்டி."

நேசக்குமார் சுந்தரராஜை அழைத்தார். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். அந்தப் பக்கம் சுந்தரராஜ் நிதானமாகப் பதில் சொன்னார்.

"நான் என்ன அண்ணாச்சி மறைச்சேன்? ஊர்வலம்னு சொன்னேன். குறை சொன்னதில்லன்னு சொன்னேன். ஆர்.சி. புக்குல சங்கம் பேரு இருக்கு, நீங்க படிக்கல."

"கொரோனா சமயத்துல எந்தப் பக்கம் ஓடுச்சு?"

"நாசரேத் சுத்துப்பட்டு பூரா இந்த ஒரு வண்டிதான். வேற யாரு வந்தா அப்ப."

உப்பளத்தில் வெள்ளைக் குவியல்கள் மேல் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. நேசக்குமாருக்கு அந்த உறைந்த படம் ஞாபகத்துக்கு வந்தது. டேவிட்சன் முகத்தைத்தான் காட்டினான். முகத்தை எதில் ஏற்றினார்கள் என்று காட்டவில்லை.

வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வரும்போது கைபேசி பக்கத்து சீட்டில் பூஜ்யம் காட்டிக்கொண்டு வந்தது. ஆத்தூர் தாண்டும்வரை அவர் பின்கண்ணாடியைப் பார்க்கவில்லை. பிறகு பார்த்தார். கட்டிலில் விரிப்பு கசங்காமல் இருந்தது. அவ்வளவுதான். அதற்குப் பிறகும் பார்க்காமலே வந்தார்.

வழி முழுக்க ஒரே யோசனை. டீச்சரிடம் சொன்னால் பிணவண்டியில் ஏறமாட்டார். சொல்லாவிட்டால் பேட்டரி தீரும், மிஷின் நிற்கும், டீச்சர் பஸ் ஏறுவார். எப்படிக் கூட்டினாலும் கடைசியில் தனியாகத்தான் கேரளம் போக வேண்டியிருந்தது.

டீச்சர் அடுக்களையில் முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"வண்டிய வித்துரலாம்னு பாக்கேன்" என்றார் நேசக்குமார்.

"ஏன் அத்தான்?"

"பேட்டரி நிக்க மாட்டேங்கு. நான் இல்லாத நேரத்துல என்னமோ கரண்ட் எடுக்கு."

"எவ்வளவு?"

"நூத்தறுபது."

டீச்சர் கத்தியைக் கீழே வைத்தார். "அப்ப இன்னும் ஓடிக்கிட்டுத்தான் இருக்காக்கும்" என்றார்.

நேசக்குமார் சொட்டிக்கொண்டிருந்த குழாயை இறுக்கி மூடினார்.

"உனக்குத் தெரியுமா?"

"என்ன கேள்வி இது? மூணு நாள் அத்தை தலைமாட்டுல இருந்தது நானு. அந்த வண்டியில பின்னால உக்காந்து கல்லறை வரைக்கும் போனது நானு. வளைவுல விழாம இருக்க அந்த இடது கைப்பிடியப் பிடிச்சுப் பிடிச்சுக் கை காச்சுப்போச்சு. பெயின்ட் அடிச்சா தெரியாமப் போயிருமா?"

"ஏன் சொல்லல?"

"தெரிஞ்சுதானே வாங்கியிருக்கீயன்னு நெனச்சேன்." டீச்சரின் குரல் கொஞ்சம் இறங்கியது. "அன்னைக்கு வர முடியாத மனுசன், அந்த வண்டியையாவது தேடிப் பிடிச்சுக் கொண்டாந்து வாசல்ல நிறுத்தியிருக்காரேன்னு உள்ள போய் அழுதேன். நீங்க என்னடான்னா பின்னாலயே வந்து, கதவு அகலமா இருக்குன்னீய."

நேசக்குமார் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அப்போதுதான் டீச்சர் அந்த மூன்று நாளையும் முதல் முறையாக முழுசாகச் சொன்னார். அந்தத் தெருவில் ஒரு முறை உண்டு. உடலைப் பெட்டியிலிருந்து எடுக்கும் முன் சுவிட்சை மூத்த மகன் கையால் அணைக்க வேண்டும். பல வீடுகளில் மூத்த மகன் வளைகுடாவில் இருப்பதால் பெட்டி அவன் வரும்வரை ஓடும். விமான நிலையத்திலிருந்து வந்து, செருப்பைக் கழற்றி, முதல் வேலையாக அந்தச் சுவிட்ச்.

"நீங்க போன்ல என்ன சொன்னீய, ஞாபகம் இருக்கா?"

இருந்தது. 'நான் வாரவரைக்கும் பெட்டிய அணைக்காதீங்க' என்று சொன்னார். மூன்று நாளில் முப்பது முறையாவது சொல்லியிருப்பார்.

"மூணாவது நாள் இனி வைக்க முடியாதுன்னுட்டாவ. வண்டி வாசல்ல வந்து நிக்கி. அப்பவும் அணைக்கப்பிடாதுன்னு சொன்னேன். வண்டி பேட்டரியிலயே ஓட்டிக்கிட்டு கல்லறை வாசல் வரைக்கும் போனோம். அங்க வச்சு அத்தைய எடுத்துச் சவப்பெட்டியில வச்சாவ. சுவிட்ச யாரு தொடுவா? ஒருத்தரும் தொடல. காலிப் பெட்டி ஓட ஓட, டிரைவர் கதவச் சாத்திட்டுப் போயிட்டாரு."

"இப்ப நான் என்ன செய்யணும்கே?"

"எனக்கென்ன தெரியும்? நீங்கதான் எலெக்ட்ரிக்கல்."

"இன்ஸ்ட்ருமென்டேஷன்" என்று திருத்தினார் நேசக்குமார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கே வண்டியைக் கல்லறைத் தோட்டத்து வாசலில் நிறுத்தினார். வெயில் இருந்தது. இந்த முறை அதைச் சொல்லவில்லை. டீச்சரை வண்டியிலேயே உட்காரச் சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றி, மணலில் நடந்து, சிலுவைகளில் பெயர் படித்துப் படித்து, கிருபை என்ற பெயரைக் கண்டுபிடித்தார். பக்கத்தில் யாரோ வைத்த பிளாஸ்டிக் ரோஜா வெளுத்துக் கிடந்தது. கைபேசியில் நூற்றறுபது.

"அம்மா, வந்துட்டேன்" என்றார். மறுபடி சொன்னார். "லேட்டாயிருச்சு. வந்துட்டேன். அணைச்சிரலாம்மா."

நூற்றறுபது.

கண்ணை மூடி ஜெபம் பண்ணினார். கண்ணைத் திறந்து பார்த்தார். நூற்றறுபது. அழுதார், அதில் நடிப்பு ஒன்றுமில்லை, ஐந்தாறு வருஷத்து அழுகை. மூக்கைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோதும் அதே நூற்றறுபதுதான். எதற்கும் இருக்கட்டும் என்று கல்லறையைச் சுற்றி மறுபக்கம் போய் நின்றும் சொல்லிப் பார்த்தார்.

வாசலில் டீச்சர் வண்டியின் கதவைத் திறந்துகொண்டு நின்றார். சேலையை இழுத்துப் போர்த்தியிருந்தார்.

"குறைஞ்சுதா?"

"இல்ல."

"எப்படிக் குறையும்? அங்கன போய்ச் சொல்லுதீய. அத்தை இங்கனல்லா இருக்காவ."

சொல்லிவிட்டு டீச்சர் உள்ளே திரும்பி, வகுப்பில் பின்பெஞ்சைப் பார்ப்பது மாதிரிக் கட்டில் பக்கம் பார்த்தார். முகத்தில் பயம் இல்லை, குளிர் இருந்தது.

"பயமா இல்லியா உனக்கு?"

"பேய்னு ஒண்ணு கிடையாதுன்னு சண்டே ஸ்கூல்ல இருபது வருசமாச் சொல்லிக்குடுக்கேன். இது பேய் இல்ல. அத்தை. நான் பதினாறு வருசம் அவுக கூட ஒரே வீட்டுல இருந்திருக்கேன். நீங்கதான் இருந்ததில்ல."

நேசக்குமார் ஏறி உட்கார்ந்தார். கண்ணாடியில் இருந்த வேர்வை மெல்ல வடிந்து மறைந்தது. பூஜ்யம்.

"நான் வண்டியிலயே இருந்தா ஒண்ணும் எடுக்காது" என்றார்.

"அதுக்காக உங்களக் கட்டிலோட சேத்துக் கட்டவா முடியும்? குளிக்கப் போவீய, சாப்பிடப் போவீய, ஊரு சுத்திப் பாப்பீய. பகல் பூரா அத்தை எடுத்துட்டாவன்னா ராத்திரி என் மிஷினுக்கு என்ன மிஞ்சும்?"

"அப்ப வித்துரலாமா?"

டீச்சர் போர்த்தியிருந்த சேலையை இறக்கிவிட்டார். "யாருக்கு விப்பீய? வாங்குனவுக வீட்டு முத்தத்துல கிடந்து அத்தை உங்களத் தேடவா?" என்றார். பிறகு, கடைச் சாமான் பட்டியலுக்குச் சொல்கிற குரலில், "அத்தைக்கும் சேத்து பேட்டரி போடுங்க" என்றார்.

மதியம் ஷாமின் மேஜையில் புதிய தாள் இருந்தது. ஷாம் விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினான். மூச்சு மிஷின். குளிர்சாதனப் பெட்டி. விசிறி. விளக்கு. மிக்ஸி. ஆறாவது வரியில் விரல் நின்றது.

"இது என்ன அண்ணாச்சி, 'அம்மா, நூற்றறுபது வாட், பகல் பன்னிரண்டு மணி நேரம்'?"

"அதான்."

ஷாம் தாளையும் அவரையும் வாசலில் நின்ற வண்டியையும் பார்த்தான். கால்குலேட்டரை எடுத்தான்.

"ஆரம்பிக்கும்போது ரெண்டு மடங்கு கேப்பாவளா?"

"கிடையாது. ஒரே சீராத்தான் இருப்பாவ."

"ராத்திரி?"

"ராத்திரி நான் இருப்பேம்லா."

"அப்ப இன்வெர்ட்டர் இதுவே போதும். அதே மாதிரி பேட்டரி இன்னொண்ணு பக்கத்துல போட்டு, கூரையில ரெண்டு சோலார் தகடு வச்சிருவோம். தாராளமாத் தாங்கும்." எழுதிக்கொண்டே கேட்டான்: "வேற யாரும் வாராவளா?"

"இல்லலே. நாங்க மூணு பேருதான்."

மே மாதம் இரண்டாவது திங்கள்கிழமை கிளம்பினார்கள். முந்தின ராத்திரி முற்றத்திலேயே வண்டிக்குள் படுத்துப் பார்த்தாயிற்று. மிஷின் எட்டு மணி நேரமும் நிற்காமல் ஓடியது. டீச்சர் காலையில் எழுந்து, "பரவால்ல" என்றார். நேசக்குமாருக்கு ஜுபைலில் கொடுத்த எந்தச் சான்றிதழும் அவ்வளவு இனிக்கவில்லை.

திருச்செந்தூரைத் தாண்டி, குலசேகரப்பட்டினத்தைத் தாண்டி, பத்து மணி வாக்கில் மணப்பாட்டில் நிறுத்தினார்கள். மேட்டின் மேல் கோயில், கீழே வளைந்து கிடக்கும் கடல், கரையில் ஏற்றி வைத்த படகுகள். எதிரே கீற்றுப் பந்தல் போட்ட டீக்கடை. நேசக்குமார் வண்டியைப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, டீச்சரோடு இறங்கி நடந்தார். கைபேசியில் நூற்றறுபது. பேட்டரி எழுபத்தோரு சதவீதம்.

"எவ்வளவு நேரம் தாங்கும்?" என்றார் டீச்சர்.

"நாளைக்கு விடியுதவரைக்கும் தாங்கும்."

"அப்ப மெதுவாக் குடிங்க."

மெதுவாகக் குடித்தார். இத்தனை நாளும் வண்டியை விட்டு இறங்கினால் திரும்ப ஓடுவதுதான் வழக்கம். இன்று காலை நீட்டி உட்கார்ந்தார். டீச்சர் கடலைமிட்டாய் வாங்கி உடைத்துக் கொடுத்தார். பாதி டீ இருக்கும்போது, பழக்கதோஷத்தில் கைபேசியைப் பார்த்தார்.

பூஜ்யம்.

சிக்னல் இல்லையோ என்று பார்த்தார். நான்கு கோடும் நின்றது. மூடித் திறந்தார். பூஜ்யம். குனிந்து தன் காலைப் பார்த்தார். கால் மணலில்தான் இருந்தது. ஒருவேளை வண்டிக்குள் இருக்கிறோமோ என்று அந்த ஒரு நொடி அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"ஏளா, பூஜ்யம் காட்டுது."

டீச்சர் கண்ணுக்கு மேலே கையை வைத்து வண்டியைப் பார்த்தார். நேசக்குமாரும் பார்த்தார். பின்கதவு இரண்டும் அகலத் திறந்திருந்தன. சட்டைப் பையைத் தொட்டார். சாவி இருந்தது.

"இறங்கிட்டாவ போல" என்றார் டீச்சர்.

கரையில் ஒருத்தர் வலையை உதறிக்கொண்டிருந்தார். ஒரு நாய் தண்ணீர் ஓரமாக நடந்துபோனது. ஓரிடத்தில் நின்று, யாருக்கோ வழிவிடுகிறது மாதிரி ஒதுங்கி, பிறகு மறுபடி நடந்தது. வேறு ஆள் இல்லை.

"எங்க போயிருப்பாவ?"

"கடலப் பாக்கத்தான். வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்குமா நடந்தவுக. இவ்வளவு தூரம் வந்துட்டு வண்டிக்குள்ளயா இருப்பாவ?"

"எப்ப வருவாவ?"

"தெரியலியே."

"நம்ம கிளம்பணும்லா."

டீச்சர் கடலைமிட்டாயை மடியில் வைத்துவிட்டு அவரைத் திரும்பிப் பார்த்தார். கோபமாகச் சொல்லவில்லை. "அவுக மூணு நாள் காத்திருந்தாவ அத்தான்" என்றார்.

நேசக்குமார் டீ கிளாஸைக் கீழே வைத்தார். எழுந்து வண்டிக்குப் போனார். உள்ளே எட்டிப் பார்த்தார். சூடாக இருந்தது, மே மாதத்தில் எந்த வண்டியும் எப்படி இருக்குமோ அப்படி. கடல்காற்றில் பின்கதவு ஆடிக்கொண்டிருந்தது. அது மூடிக்கொள்ளாமல் இருக்க ஒரு கல்லைத் தேடி எடுத்து முட்டுக் கொடுத்தார். தாழ்வான படியில் ஒட்டியிருந்த மண்ணைக் கையாலேயே தட்டிவிட்டார்.

திரும்பி வந்து, பெஞ்சை வண்டியைப் பார்த்த மாதிரித் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

"அண்ணாச்சி, இன்னொரு டீ" என்றார் கடைக்காரரிடம். கைபேசியைத் தொடையில் மல்லாக்க வைத்துக்கொண்டார். அதில் பூஜ்யம் அசையாமல் நின்றது.